பூட்டு தூத்துக்குடியில், சாவி மத்திகிரியில்

ஓசூருக்குப் பிழைக்க வந்தவர்கள் ஆளுக்கொரு குறை சொல்வார்கள். குளிர் என்பார்கள், வாடகை என்பார்கள், டவுன் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் எந்த மொழியில் பேசுகிறார் என்றே புரியவில்லை என்பார்கள். காற்றில் உப்பு இல்லை என்று குறை சொன்ன ஆளை என் ஆயுளில் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். எங்கள் லைன் வீடுகளில் கடைசி வீட்டில் குடியிருந்த அண்ணாச்சி.

“என்ன காத்துக்கா இது? மூஞ்சில அடிச்சா உதட்டுல ஒரு ருசி தங்க வேண்டாமா? வெறும் பச்சத்தண்ணி மாரி இருக்கு” என்பார்.

“உப்பு வேணும்னா சமையக்கட்டுல டப்பாவுல இருக்குது. எடுத்து நக்கிக்கோங்க” என்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஓசூரை ஒட்டிய எங்கள் மத்திகிரியே சொல்லும். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

“அந்த உப்பும் எங்கூரு உப்புதான்க்கா” என்பார். அதற்குமேல் என்ன பேசுவது?

அவருக்குப் பெயர் உண்டு. ஆனால் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தெற்கத்திக்காரர் என்றால் இந்தப் பக்கம் எல்லோருக்கும் அண்ணாச்சிதான். அவரைவிட மூத்தவளான நானும் அவரை அண்ணாச்சி என்றேன். அவர் என்னை அக்கா என்றார். யாருக்கு யார் பெரியவர் என்கிற வழக்கை அப்படியே விட்டுவிட்டோம்.

மத்திகிரியில் மாட்டுப் பண்ணைக்குப் போகிற சாலையை ஒட்டி என் மாமனார் கட்டிய வரிசை வீடுகள் அவை. குடியிருந்தவர்கள் எல்லோரும் கம்பெனி வேலைக்காரர்கள். சிவகாசி, மதுரை, தஞ்சாவூர் என்று ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு ராகம். வாடகையை வாங்குவது, மோட்டார் போடுவது, சண்டை வந்தால் நடுவில் நிற்பது எல்லாம் என் வேலை. என் வீட்டுக்காரர் பண்ணையில் மாடுகளோடு பழகிப் பழகி மனிதர்களிடம் பேசுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டார்.

அண்ணாச்சி தூத்துக்குடிக்காரர். இதை அவர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, ஏனென்றால் அவர் வேறு எதையும் சொல்லவே மாட்டார். பால் பாக்கெட் விலையில் ஆரம்பித்தாலும் பேச்சு துறைமுகத்தில் போய்த்தான் நிற்கும். முத்துக்காகப் போர்ச்சுகீசியன் வந்தான், அவனை விரட்டிக்கொண்டு டச்சுக்காரன் வந்தான், அவனை விரட்டிக்கொண்டு இங்கிலீஷ்காரன் வந்தான், எல்லோரும் போனார்கள், எங்கள் கடல் அங்கேயேதான் இருக்கிறது என்பார். ஏதோ அவர்தான் கரையில் நின்று ஒவ்வொருவருக்கும் கையசைத்து வழியனுப்பியவர் மாதிரி. பீச் ரோட்டில் தொடங்கி மாதா கோயில் வழியாகத் தன் வீட்டு வாசல் வரைக்கும் கடை கடையாக ஒப்பிப்பார். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். ஐஸ் கம்பெனி, அதையடுத்துத் தீப்பெட்டி குடோன், வளைவில் ஒரு பூவரச மரம், மரத்துக்கு எதிரே நீலக் கதவு. கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்விடுவேன் என்பார்.

சாவி என்கிற சொல்லே தங்கள் ஊருக்குக் கப்பலில் வந்து இறங்கியதுதான் என்று ஒருநாள் சொன்னார். போர்ச்சுகீசியன் கொண்டுவந்ததாம். அப்போது பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரம்மா, “சாவிய எங்க பாசைல தாளம்செவின்னு சொல்றோமே, அது?” என்றாள். அண்ணாச்சி சற்று யோசித்தார். “செவியும் எங்கூரு வழியாத்தான் வந்திருக்கும்” என்றார். அந்தம்மா என்னைப் பார்த்தாள். நான் மோட்டாரைப் பார்க்கப் போய்விட்டேன்.

அவருக்கு வேலை ஒரு கம்பெனியின் டிஸ்பேட்ச் பகுதியில். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி, பெட்டிகளை கண்டெய்னருக்குள் ஏற்றுவார். சென்னைக்குப் போகிற கண்டெய்னர் என்றால் ஏற்றிவிட்டுத் திரும்பிவிடுவார். தூத்துக்குடிக்குப் போகிறது என்று தெரிந்தால் வண்டியிலிருந்து இறங்கி, சீல் வைத்த கதவை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டி, “போயிட்டு வா” என்பாராம். அவரோடு வேலை பார்த்த சிவகாசிக்காரத் தம்பி இதைச் சொல்லிச் சிரிப்பான். அந்தத் தம்பி எங்கள் லைனில் நடுவீட்டில் மனைவி, கைக்குழந்தையோடு இருந்தான்.

பொங்கல் சமயத்தில் ஓசூரைப் பார்க்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் நிற்க இடமிருக்காது, தெருவில் நடக்க ஆளிருக்காது. எங்கள் லைனும் அப்படித்தான். பையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பும். வீட்டுக்குத்தான் நான் சொந்தக்காரி, பூட்டு அவரவர் பூட்டு. பூட்டிவிட்டுச் சாவியைக் கொண்டுபோய் அண்ணாச்சியிடம் கொடுப்பார்கள். வீட்டுக்காரி நான் குத்துக்கல் மாதிரி முன்னால் உட்கார்ந்திருப்பேன், என்னைத் தாண்டிப் போய்க் கடைசி வீட்டில் கொடுப்பார்கள். ஏனென்றால் அவர் ஊருக்குப் போகமாட்டார். எந்தப் பண்டிகைக்கும், எந்த லீவுக்கும் போனதில்லை.

வாங்கிய சாவிகளை அவர் டப்பாவில் போட்டுவைக்க மாட்டார். முன் அறையில் மாதா படத்துக்குக் கீழே வரிசையாக ஆணி அடித்திருந்தார். வீட்டுக்கு ஓர் ஆணி. ஒருவர் சாவியை இன்னொருவர் ஆணியில் மாட்டமாட்டார். கேட்டதற்கு அவர்கள் வீட்டுப் பழக்கம் என்றார். அவருடைய அப்பா தோணியில் தண்டல். தோணி என்றால் ஓடமில்லை. மரத்தால் செய்த சிறு கப்பல், வெங்காயமும் செங்கலும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போவது. அதற்குத் தலைவர்தான் தண்டல். தோணி ஏறுகிற ஆண்பிள்ளை தன்னிடமுள்ள வீட்டுச் சாவியை வாசலையொட்டிய ஆணியில் மாட்டிவிட்டுப் போவான். திரும்பி வந்து அவன் கையால்தான் எடுக்க வேண்டும். நடுவில் வேறு யாரும் தொட்டால் அவனுக்கு ஆகாது.

“வராமலே போயிட்டா?” என்று கேட்டேன். சொன்னேனே, வாய் நீளம் என்று.

“எங்க சித்தப்பா சாவி அப்படித்தான் தொங்குது. தொங்கிட்டுப் போகுது, சோறா கேக்கு?” என்றார்.

சும்மா கதை என்றுதான் நினைத்தேன். ஒரு பொங்கலுக்கு மறுநாள் அது கதையில்லை என்று தெரிந்துபோனது. சிவகாசிக்காரத் தம்பி ஊருக்குப் போயிருந்தான். அவன் வீட்டுக் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வழிந்து வாசலுக்கு வந்துகொண்டிருந்தது. உள்ளே ஏதோ பைப் விட்டுக்கொண்டது. நான் ஓடிப்போய், “அண்ணாச்சி, அந்தத் தம்பி சாவியக் குடுங்க” என்றேன்.

“அவன் வந்துதான்க்கா எடுக்கணும்.”

“வீடு மொதக்குது அண்ணாச்சி.”

“மெயின் வால்வ மூடிருவோம்.”

“மூடிட்டா எல்லா வீட்டுக்கும் தண்ணி நின்னுபோகும். குடிக்கறதுக்கு என்னா பண்றது?”

“நான் கொண்டாந்து தாறேன்.”

நான் அந்தத் தம்பிக்கே போன் போட்டேன். அவன் பதறிப்போய், “குடுங்க அண்ணாச்சி, தொறந்து பாக்கட்டும்” என்று கத்தினான். அண்ணாச்சி போனை வாங்கி, “நீ நல்லபடியா வந்து சேருப்பா” என்று சொல்லி என்னிடம் திருப்பிக் கொடுத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரையும் அவர் தூத்துக்குடியையும் சேர்த்து அன்றைக்கே காலி செய்யச் சொல்லியிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அந்தத் தம்பி திரும்பி வரும்வரை அண்ணாச்சி தெருக்குழாயிலிருந்து இரண்டு கையிலும் குடம் சுமந்தார். ஊருக்குப் போகாமல் இருந்த கன்னடக்காரர் வீட்டுக்கு, எங்கள் வீட்டுக்கு, எங்கள் பசுவுக்கு, எல்லாவற்றுக்கும். தோள்பட்டை பிடித்துக்கொண்டு தைலம் தேய்த்துக்கொண்டு மறுபடி சுமந்தார். தம்பி வந்தான். பாய், மெத்தை, குழந்தையின் துணி எல்லாம் நாறிக் கிடந்தன. கன்னாபின்னாவென்று கத்தினான். அண்ணாச்சி தன் வீட்டு மெத்தையைச் சுருட்டிக் கொண்டுவந்து அவன் வாசலில் வைத்தார். “கையோட காலோட வந்துட்டேல்லா, அது போதும்” என்றார். அடுத்த தீபாவளிக்கும் அந்தத் தம்பி சாவியை அவரிடம்தான் கொடுத்துவிட்டுப் போனான். ஏன்டா என்று கேட்டேன். “தெரிலக்கா. அவர்ட்ட குடுத்தா நிம்மதியா தூக்கம் வருது” என்றான்.

ஊருக்குப் போய் வருகிறவர்கள் எல்லோரும் பலகாரம் கொண்டுவந்து லைன் முழுக்கக் கொடுப்பார்கள். அண்ணாச்சியும் கொடுப்பார். தூத்துக்குடி மக்ரூன். முந்திரியும் முட்டை வெள்ளையும் சேர்த்துச் செய்து, கூம்பு கூம்பாக, வாயில் வைத்தால் கரைந்துபோவது. போகாத ஊர்ப் பலகாரம் எப்படி வந்தது? ஆம்னி பஸ் டிரைவர் ஒருவரிடம் சொல்லி வரவழைப்பார். காலையில் பஸ் நிற்கிற இடத்தில் போய்க் காத்திருந்து வாங்கி வந்து, “எங்கூர்லருந்து” என்று நீட்டுவார். எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்டதில்லை. நான்கூடக் கேட்டதில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்கும்படியான நேரம் அவர் மகளுக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோது வந்தது. நல்ல பெண். பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கூட வேலை பார்த்த பையனையே பிடித்திருந்தது. பையன் வீட்டாரும் தெற்கே கடற்கரைப் பக்கம்தான். அவர்கள் வந்து பெண் பார்த்தார்கள், பிடித்தது, காபி குடித்தார்கள். எழுந்திருக்கும்போது பையனின் அப்பா, “நிச்சயத்த உங்கூர்லயே வச்சிருவோம். பொண்ணோட பெரியப்பா இருக்காருன்னு கேள்விப்பட்டோம். பெரியவரு சபைல உக்காரட்டும், பொறவு தட்டு மாத்துவோம்” என்றார். தப்பாகச் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் பெரியப்பா இல்லாத சபையில் தட்டு மாற்ற மாட்டோம் என்பதும் அதற்குள் இருந்தது. அண்ணாச்சியின் முகம் சாம்பலாகிவிட்டது. அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

அவர்கள் போனதும் நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். அவர் மனைவி கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெண், மாம்பழக் கூழ் ஆலையில் சீசனுக்குப் போகிறவள், பேசவே மாட்டாள். அவளே அன்றைக்கு, “அக்காகிட்டயாவது சொல்லுங்க” என்றாள்.

சொன்னார். தண்டல் மகனாகப் பிறந்த அவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. தோணியில் கால் வைத்தால் வாந்தி. அப்பாவோடும் அண்ணனோடும் கொழும்புக்குப் போன பயணத்தில் குடலே வெளியே வந்துவிடும்போல் கிடந்திருக்கிறார். துறைமுகத்தில் ஒரே கேலி. ஒருநாள் காலையில், கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, தன் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு ஓசூருக்கு பஸ் ஏறிவிட்டார். கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்பா இறந்த செய்தி வந்தது. வாட்ச்மேனிடம் வந்த செய்தி ஷிப்டு முடிந்துதான் இவர் கைக்கு வந்தது. பஸ் மாறி பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து கல்லறை வாசலில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. அண்ணன் கொழும்பிலிருந்து திரும்பிய தோணியிலிருந்து இறங்கி நேரே வந்து மண் போட்டிருந்தார். இவரைப் பார்த்ததும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாராம்: “கடல்ல கெடந்தவன் வந்துட்டான். கரைல இருந்தவன் வரல.”

“அங்கனயே திரும்பிட்டேங்க்கா. வீட்டுப் படி ஏறல” என்றார் அண்ணாச்சி. அவர் மகள் அப்போதுதான் முதல்முறையாக அதைக் கேட்கிறாள்.

எனக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. வருஷக்கணக்காக ஊர் ஊர் என்று என் காதைத் தின்ற மனுஷன், ஒரு வார்த்தைக்குப் பயந்து அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லையே. “கெளம்புங்க. நானும் வர்றேன்” என்றேன். “எனக்கும் உங்க ஊரப் பாக்கணும். இத்தன வருசமா காதுக்கு வாடக வாங்காம கத கேட்டிருக்கேனே.” என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். பசுவுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே தலையாட்டினார்.

நாங்கள் இரண்டு பேரும் ஏறிய பஸ் விடிந்த பிறகு தூத்துக்குடிக்குள் நுழைந்தது. அண்ணாச்சி ஜன்னலோரம். சாலைக்கு இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டின வரைக்கும் உப்பளம். அள்ளிக் குவித்த உப்பை ஓலை போட்டு மூடியிருந்தார்கள், வரிசையாகக் குடிசை மாதிரி. தூரத்தில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள். எங்கள் பஸ்ஸை முந்திக்கொண்டு கண்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன. துறைமுகம் பழைய இடத்தில் மட்டும் இல்லை, புதிதாக ஊருக்குத் தெற்கே பெரிதாக வந்துவிட்டது. உண்மையைச் சொல்லவேண்டும் இல்லையா, இறங்கியதும் காற்று முகத்தில் அடித்தது. உதட்டில் ருசி தங்கத்தான் செய்தது. அவரிடம் நான் அதைச் சொல்லவில்லை.

ஆட்டோ பிடித்தோம். “நான் வழி சொல்லுதேன், ஓட்டுப்பா” என்று முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார் அண்ணாச்சி. பீச் ரோடு வரைக்கும் ராஜா மாதிரி வழி சொன்னார். மாதா கோயிலைக் கண்டதும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் ஐஸ் கம்பெனியைக் காணோம். அந்த இடத்தில் கல்யாண மண்டபம் ஒன்று நின்றது. தீப்பெட்டி குடோன் இருந்த இடம் எதுவென்றே தெரியவில்லை, மொபைல் கடைகளாக இருந்தன. “இடது பக்கம் திரும்பு” என்றார், திரும்பினால் முட்டுச்சந்து. “இல்ல, அடுத்த சந்து” என்றார், அது எங்களை மறுபடி பீச் ரோட்டிலேயே கொண்டுவந்து விட்டது. கண்ணைக் கட்டிவிட்டாலும் போவேன் என்றவர் கண்ணைத் திறந்துகொண்டு தவித்தார். கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தபடியே இருந்தார்.

ஆட்டோக்காரர் வண்டியை ஓரமாக நிறுத்தித் திரும்பினார். சின்ன வயசுக்காரர், கேலியெல்லாம் இல்லை, உதவுகிற குரல்தான். “ஊருக்குப் புதுசா அண்ணாச்சி?” என்றார்.

அண்ணாச்சி பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார். என் வாய் அன்றைக்கு ஒன்றுக்காவது உதவியது. “அவருக்கு இதான்பா ஊரு. ஒரு பூவரச மரம் இருக்கும், வளைவுல. அதத் தெரியுமா?” என்றேன். ஆட்டோக்காரர் யோசித்து, “பட்டுப்போன மரமா? கிளைய வெட்டிட்டு அடிமரத்துல போர்டு மாட்டிருக்காங்களே” என்றார். வழி கிடைத்தது. ஒப்பித்தது அவர், உபயோகப்பட்டது எனக்கு.

நீலக் கதவு இல்லை. பழைய வீடே இல்லை. மாடியும் கீழுமாக ஒரு புது வீடு, டைல்ஸ் ஒட்டிய வாசல். அண்ணன்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு, நரைத்த மார்பு, வெயிலில் காய்ந்த முகம். தம்பியைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்து, “பஸ்லயா வந்திய? ஒக்காருங்க” என்றார். அவர் மனைவி காபி கொண்டுவந்தாள். அவருடைய மகன் புதுத் துறைமுகத்தில் வேலை பார்க்கிறவன், டூட்டிக்குக் கிளம்பி நின்றவன், யாரென்று புரிந்ததும் பையைக் கீழே வைத்துவிட்டான். அண்ணாச்சி மட்டும் படியில் ஏறாமல் கீழேயே நின்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

நானே ஆரம்பித்தேன். “உங்க தம்பி பொண்ணுக்குக் கல்யாணம் கூடி வந்திருக்குதுங்க. நிச்சயத்துக்கு நீங்க வந்து உக்காந்தாத்தான் தட்டு மாத்துவாங்களாம்.”

“அத அவன் சொல்ல மாட்டானா?” என்றார் அண்ணன். குரல் கடலில் கத்திப் பழகிய குரல், மெதுவாகப் பேசினாலே தெருவுக்குக் கேட்டது.

அண்ணாச்சி வாயைத் திறந்தார். தூத்துக்குடியைப் பற்றி ஓயாமல் பேசிய வாய், தூத்துக்குடியில் ஒன்றும் பேச முடியாமல் நின்றது. இது இங்கேயே முடிந்துபோகுமோ, இந்தப் படியிலிருந்து இவர் இன்னொரு தடவை திரும்பிவிடுவாரோ என்று பயந்தேன். மகளின் முகம் வேறு கண்ணுக்குள் நின்றது.

அண்ணன் வாசல் நிலைக்கு உள்பக்கம் கையைக் காட்டினார். “மொதல்ல அத எடுல.”

எட்டிப் பார்த்தேன். பளபளப்பாகப் பெயிண்ட் அடித்த சுவரில் இரண்டு துருப்பிடித்த ஆணிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சாவி. ஒன்று சித்தப்பாவுடையது என்று எனக்குத் தெரியும். இன்னொன்று யாருடையது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“வீட்ட இடிச்சுக் கட்டியாச்சு. அந்தக் கதவ வித்தாச்சு. பூட்டு எங்க போச்சோ தெரியல. ஆணிய மட்டும் சாவியோட அப்படியே பேத்து இங்க பதிச்சேன்” என்றார் அண்ணன். “அப்பா சாவும்போது சொல்லிட்டுப் போயிட்டாரு, அவன் பயணம் போயிருக்கான், அவன் வந்துதான் எடுக்கணும்னு. ஒவ்வொரு தடவையும் வெள்ளையடிக்கும்போது இடைஞ்சல். கொத்தனாரு திட்டுதான், பெயிண்டரு திட்டுதான், எம் பொண்டாட்டி திட்டுதா. எனக்கு வேற சோலியில்ல பாரு, ஒரு ஆணிக்குக் காவ இருக்கேன். எடு.”

அண்ணாச்சி செருப்பைக் கழற்றினார். படி ஏறினார். சாவியை எடுத்தார். ஒட்டிக்கொண்டிருந்தது, திருகித்தான் எடுக்கவேண்டியிருந்தது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அண்ணன் காலடியில் உட்கார்ந்து அழுதார். அண்ணன் அவர் தலையில் கையை வைத்தார். தடவிக்கொடுக்கவில்லை, சும்மா வைத்திருந்தார், சுமைமேல் கை வைத்திருப்பதுபோல. பிறகு என்னிடம், “என்னைக்கு நிச்சயம்?” என்றார்.

சாயங்காலம் அண்ணன் மகன் எங்களைப் பழைய துறைமுகத்துக்குக் கூட்டிப்போனான். தோணிகள் அங்கே இன்னும் நிற்கின்றன. மாலத்தீவுக்கு வெங்காய மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி தூரத்திலேயே நின்று பார்த்தார். கிட்டே போகலாமே என்றேன். “நிக்கும்போதே தல சுத்துதுக்கா” என்றார். அந்தப் பயணத்தில் அப்போதுதான் அவர் முதல்முறையாகச் சிரித்தார். மக்ரூன் வாங்கப் போனபோது கடையில் வரிசை. இவர் வரிசையில் நின்று தன் கையாலேயே வாங்கினார். ஓசூர் வந்து லைன் முழுக்கக் கொடுத்தார். “எங்கூர்லருந்து” என்றார். எப்போதும் சொல்கிற அதே சொல்தான்.

பெரியப்பா சபையில் உட்கார்ந்தார். தட்டு மாறியது. கல்யாணமும் நல்லபடியாக நடந்தது. அடுத்த பொங்கலுக்கு அண்ணாச்சி குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பினார். லைனில் மற்ற எல்லோரும் ஏற்கெனவே போயாகிவிட்டது. தன் பூட்டுச் சாவியைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். கூடவே ஓர் ஆணியும் சுத்தியலும். என் வீட்டு முன்னறைச் சுவரில், நான் வேண்டாம் வேண்டாம் என்னும்போதே அடித்து, மாட்டிவிட்டுப் போனார். திரும்பி வந்து அவரே எடுத்தார். வருஷா வருஷம் அப்படியே நடந்தது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்தார். அண்ணன் வீட்டு மாடியில் குடிபோவதாக ஏற்பாடு. சாமான் ஏறிய வண்டி வாசலில் நின்றது. பூட்டைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார். சாவியை மட்டும் கொண்டுவந்து என் சுவரில் அந்த ஆணியில் மாட்டினார்.

“பூட்ட எடுத்துக்கிட்டுச் சாவிய உட்டுட்டுப் போறீங்களே அண்ணாச்சி, எதுக்காகும் இது?”

“எடுக்க வரணும்லாக்கா” என்றார்.

மாதம் ஒருமுறையாவது போன் செய்வார். காற்றைப் பற்றிச் சொல்வார். வைக்கும்போது, “சாவி இருக்குல்லா?” என்பார். எங்கே ஓடிப்போகும் என்பேன். வருகிறேன் வருகிறேன் என்றவருக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை, பிறகு இருதயம். போன ஆடியில் மகள்தான் போன் செய்தாள். எங்களால் அடக்கத்துக்குப் போய்ச் சேர முடிந்தது. நான் உரக்க அழுதேன். பக்கத்தில் நின்ற அண்ணன்காரர் எனக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போட்டார்.

சென்ற வாரம் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தோம். பெயிண்டர் முன்னறையில் ஏணி வைத்து ஏறியவர், சுவரைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“அம்மா, இந்தச் சாவி எந்தப் பூட்டுதும்மா? ஆணி இடைஞ்சலா கீது. புடுங்கிட்டு பட்டி பாத்துடட்டுமா?”

“தொடாத. அவரு வந்துதான் எடுக்கணும்” என்றேன். “ஆணிய உட்டுட்டு சுத்தி அடிப்பா.”